ரிலேவுக்கு ஒரு நல்ல இடம்

ஒயர் அக்காவின் வீட்டில் எந்த நுனியும் தொங்காது. ஜன்னல் திரையின் கயிறு, இஸ்திரிப் பெட்டியின் ஒயர், செல்போன் சார்ஜர், துணி காயப்போடும் கொடியின் மிச்சம் எல்லாம் சுருட்டப்பட்டு, நடுவில் ஒரு கட்டோடு அதனதன் ஆணியில் இருக்கும். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒருநாள் ரிப்பன் கிடைக்காத அவசரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். மாலையில் அதை எடுக்க ஒரு கைப்பிடி முடியை வெட்ட வேண்டியிருந்தது. கணவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "கொஞ்ச நேரம் அசையாம உட்கார்ந்தா என்னையும் சேர்த்துக் கட்டிடுவா. அதான் நடந்துகிட்டே இருக்கேன்" என்பார்.

இந்தப் பழக்கம் ஆலையில் வந்தது. கார்களுக்கும் லாரிகளுக்கும் ஒயரிங் கட்டு செய்யும் ஆலை ஒன்றில் அவள் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். கதவு உயரப் பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஆணி கம்பியை ஓட்டி, நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு கட்டு, வளைவு வந்தால் இரண்டு. ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது உருப்படி. பலகையில் சில இடங்களில் சிவப்புக் கட்டம் போட்டிருக்கும். வண்டியில் எஞ்சினின் சூடான பக்கம் அங்கேதான் வரும். கம்பி அந்தக் கட்டத்துக்குள் ஒரு விரல் நுழைந்தாலும் சூப்பர்வைசர் முழுவதையும் வெட்டித் தொட்டியில் போட்டுவிடுவார். சேர்ந்த முதல் வாரம் அவள் வேலையில் பாதி அந்தத் தொட்டிக்குத்தான் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்றுகூடப் போகவில்லை. ஆனால் தான் கட்டிய கம்பிகளின் மறுமுனையில் என்னென்ன பெட்டிகள் வந்து மாட்டிக்கொள்கின்றன, அவை என்ன செய்கின்றன என்பதை அந்த ஒன்பது வருஷத்தில் அவள் பார்த்ததே இல்லை. வேலை முடிந்தால் அட்டைப்பெட்டிக்குள் போகும். அட்டைப்பெட்டி லாரியில் ஏறும். அவ்வளவுதான்.

ஆலையை வேறு ஊருக்கு மாற்றியபோது ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் அந்தக் கடிகாரத்தைக் கொண்டுபோய் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் மாட்டி, இனி இதுதான் என் கடை என்றாள். முதல் நாள் மெக்கானிக்குகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. லாரிக்குச் சடை பின்ன ஆள் வந்திருக்கு என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு மீட்டர், பிறர் கைவிட்ட வண்டிகள், இவற்றை வைத்துக்கொண்டு மீதியைக் கற்றாள். ஆறு மாதம் போனதும் அதே மெக்கானிக்குகள் பானெட்டுக்குள் கம்பி என்று எதைக் கண்டாலும் கையைத் துடைத்துக்கொண்டு, ஒயர் அக்கா வரட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள். அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் இன்றைக்கும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அவள் நிரந்தரமாகப் பார்த்துவந்த வண்டிகளில் ஒன்று சலவைக் கம்பெனியின் டீசல் லாரி. நான்கு சிலிண்டர், பின்னால் வெள்ளை நிறப் பெட்டி. விடிந்ததும் கிளம்பி, துவைத்து மடித்த விரிப்புகளை ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் போட்டுவிட்டு, அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மதியம் திரும்பும். மொத்தம் முப்பத்தாறு நிறுத்தங்கள்.

ஓட்டுபவருக்கு ஐம்பத்தைந்து வயது. கம்பெனியில் அவருக்குச் சாவி என்று பெயர். எங்கே நிறுத்தினாலும், அரை நிமிஷ வேலையாக இருந்தாலும், எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எஞ்சினை ஓடவிட்டுப் பின்கதவைத் திறந்தார். புகை சுழன்று பெட்டிக்குள் போயிற்று. பிரசவ ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் ஒரு விரிப்பை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மூட்டையைத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பார். பேசாமல் கொடுத்ததுதான் இருபத்திரண்டு வருஷமாக அவரைச் சாவி ஆக்கி வைத்திருந்தது.

இந்த லாரிக்கு ஒரு தீராத வியாதி. குளிர்காலத்தில் ஹீட்டர் பிளக் போய்க்கொண்டே இருந்தது. ஹீட்டர் பிளக் என்பது சுட்டுவிரல் அளவுள்ள ஓர் இரும்புக் குச்சி. சிலிண்டருக்கு ஒன்றாக எஞ்சினின் தலையில் திருகியிருக்கும். டீசல் எஞ்சின் குளிரில் விறைத்துக் கிடக்கும்போது சாவியைத் திருப்பினால் இந்தக் குச்சிகள் பழுத்து உள்ளே சூடேற்றும். டாஷ்போர்டில் சுருள் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரியும். அது அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்தால் வண்டி மறுபேச்சில்லாமல் எழுந்துகொள்ளும். நான்கில் இரண்டு செத்துவிட்டால் கெஞ்ச வேண்டும், கொஞ்ச வேண்டும், கடைசியில் நான்கு பேர் தள்ள வேண்டும்.

ஒரு நல்ல பிளக் பல வருஷம் வரும். இந்த லாரியில் இரண்டு மாதம் வந்தால் பெரிது. இரண்டு குளிர்காலத்தில் பதினோரு பிளக். ஒயர் அக்கா பார்க்காத பார்வையில்லை. ஒவ்வொரு பிளக்காக மீட்டர் வைத்தாள். பேட்டரியை, சார்ஜ் ஏறும் அளவை, எர்த் கம்பியைப் பார்த்தாள். மட்டமான சரக்கோ என்று வேறு கம்பெனி பிளக் வாங்கிப் போட்டாள். டீசல் பீய்ச்சும் முனைகளைக் கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்பினாள். அங்கேயும் குறையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் காலையில் வண்டி கிளம்பவில்லை என்று தகவல் வரும். அவள் போவாள். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் சோதனை செய்வாள். செத்த பிளக்கை மாற்றுவாள். வண்டி கிளம்பிப் போகும். ஒயரிங்கில் ஒன்றுமில்லை என்று சலவைக் கம்பெனி முதலாளியிடம் சொல்லிவிட்டு வருவாள்.

அதை அவள் அடித்துச் சொன்னதற்குக் காரணம், அந்த ஒயரிங் அவள் கையால் செய்தது. அதற்கு முந்தைய வருஷம் பிளக்குகளுக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே பெட்டி கருகிப் போயிருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சுவரில், சூடு கொதிக்கும் இடத்தில் அதை மாட்டியிருந்தார்கள். அவள் கண்ணுக்கு அது பலகையின் சிவப்புக் கட்டமாகவே தெரிந்தது. இந்த இடத்தில் கொண்டுவந்து இதை வைத்த புண்ணியவான் யார் என்று கேட்டுக்கொண்டே, புதிய பெட்டி வாங்கி, கம்பிகளை நீட்டி, லாரியின் முகத்தில் கிரில்லுக்குப் பின்னால், காற்று நேராக வந்து மோதும் இடத்தில் மாட்டினாள். நான்கு விரலுக்கு ஒரு கட்டு. வளைவில் இரண்டு. மெக்கானிக்குகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். முதலாளியும் குனிந்து பார்த்து, நகைக்கடையில் வைக்கிற மாதிரி இருக்கே என்றார். அந்த வேலையைப் பற்றி அவளுக்குள் ஒரு சின்ன கர்வம் இருந்தது உண்மை.

இந்தக் குளிர்காலம் மூன்றாவது. தொடங்கி மூன்று வாரத்துக்குள் இரண்டு பிளக் போயிற்று. திங்கட்கிழமை காலை லாரி கிளம்பாமல், நான்கு ஆஸ்பத்திரிகளுக்கு விரிப்பு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. முதலாளி பொறுமைசாலி. கஞ்சிப்பசையின் வாசனை சட்டையிலிருந்து போகாத மனிதர், இஸ்திரி போட்ட மாதிரியே பேசுவார். அன்றைக்கு அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒயரிங்ல குறையில்ல, பிளக்ல குறையில்லன்னு நீங்களே சொல்றீங்க. ஒரு நாளைக்கு முப்பத்தாறு தடவை சாவியைத் திருப்பினா பிளக் போகுமா, போகாதா?"

அவள் பொதுவாகத்தான் யோசித்தாள். பழுக்கவும் ஆறவும் பழுக்கவும் ஆறவுமாக இருந்தால் எந்த இரும்புக்கும் ஆயுசு குறைவுதான். "போகும்தான் சார்" என்றாள்.

முதலாளி தலையை ஆட்டினார். எஞ்சினை ஓடவிடுங்கள் என்று சாவியிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தாராம். துணியில் புகை ஏறும் என்று ஒரே பிடிவாதமாம். வருகிற சனிக்கிழமை முதல் லாட்ஜ் வேனை ஓட்டும் பையன் லாரியை எடுப்பான் என்றும், சாவிக்கு உள்ளே இஸ்திரி போடும் உருளை மெஷினில் விரிப்பு கொடுக்கும் வேலை என்றும் முடிவு செய்திருந்தார். சம்பளத்தில் குறையில்லை, வெயில் மழை இல்லை, உட்கார நாற்காலி உண்டு என்றார். ஒயர் அக்கா வெளியே வந்தபோது சாவி லாரியின் ஏணிப்படியில் உட்கார்ந்து, காலியான மூட்டைப்பை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

"நீயும் போகும்னு சொன்னியாமே, தங்கச்சி" என்றார். குரலில் கோபமில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உருளைகிட்ட ஜன்னலாவது இருந்திருக்கலாம்."

ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவர் அதற்குள் மடித்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றும் மறுநாளும் வேறு வண்டிகளில் வேலை செய்யும்போதெல்லாம் 'போகும்தான்' என்ற அந்த ஒரு சொல் கட்டாத நுனி மாதிரி எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தாறு தடவை திருப்பினால் போகும் என்பது சரியென்றால், இருபது வருஷமாக ஏன் போகவில்லை? மூன்று வருஷத்துக்கு முன்பும் அவர் சாவியைத் திருப்பிக்கொண்டுதானே இருந்தார்? இந்தக் கேள்வியை இரண்டு நாள் தாமதமாகக் கேட்டுக்கொண்டதில் அவளுக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது. இன்னொன்றும் உறைத்தது. இத்தனை சோதனையும் அவள் செய்தது, விடியற்காலையில், கம்பெனி முற்றத்தில், குளிர்ந்த எஞ்சினில். அந்த லாரி ஓடி ஓடிச் சூடாக இருக்கும்போது அவள் அதைத் தொட்டதே இல்லை.

வியாழக்கிழமை விடியும்போது டெஸ்ட் லாம்ப், ஒரு சுருள் கம்பி, தண்ணீர் பாட்டிலோடு கம்பெனிக்குப் போனாள். பிளக்குகளுக்குக் கரண்ட் வரும் பட்டையிலிருந்து கம்பி இழுத்து, கேபினுக்குள் கொண்டுவந்து, டாஷ்போர்டின் மேல் ஒரு சிறிய பல்பை ஒட்டினாள். பிளக்குக்குக் கரண்ட் போகும்வரை பல்பு எரியும். கரண்ட் நின்றால் அணையும். ஒரு நாளைக்குத்தான் என்றாலும் கம்பியை நான்கு விரலுக்கு ஒரு கட்டுப் போட்டாள். சாவி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி ரெண்டு நாளைக்கு எனக்குத் துணைக்கு ஆளா என்று கேட்டு வண்டியை எடுத்தார்.

முற்றத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சாவியைத் திருப்பியதும் ஆரஞ்சு விளக்கும் அவளுடைய பல்பும் ஒன்றாக எரிந்தன. விளக்கு அணைந்ததும் சாவி ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் பல்பு ஒரு நிமிஷம்போல எரிந்து பிறகு அணைந்தது. குளிர்ந்த எஞ்சின் திக்காமல் ஓடுவதற்காக அப்படி, அதில் தவறில்லை.

முதல் நிறுத்தம் பிரசவ ஆஸ்பத்திரி. அணைத்தார், இறக்கினார், ஏறினார், திருப்பினார். விளக்கு, பல்பு, ஸ்டார்ட், ஒரு நிமிஷம். எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நான்காவது நிறுத்தத்தில் மீண்டும் அதே. எட்டாவது நிறுத்தமான இன்னொரு ஆஸ்பத்திரியில் எஞ்சின் சூடு காட்டும் முள் நடுவில் போய் நின்றுவிட்டது. கேபின் தரையே கதகதவென்று இருந்தது. சாவி திருப்பினார். ஆரஞ்சு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பல்பும் எரிந்தது. சாவி கையைக் கட்டிக்கொண்டு, விளக்கு அணையும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"அண்ணா, வண்டி சூடா இருக்கறப்பவும் இந்த லைட் எரியுமா?"

"ரெண்டு மூணு வருஷமா எரியுது. முன்னாடி காலைல மட்டும்தான் எரியும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

சாவி அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ அந்தப் பெட்டியை மாத்தினப்புறம்தான் வந்துச்சு. புதுசா ஏதோ வசதி பண்ணியிருக்கேன்னு நெனச்சேன். நீ செஞ்ச வேலையப்பத்தி உன்கிட்டயே நான் என்ன சொல்றது?"

அவள் இறங்கிப் பானெட்டைத் திறந்தாள். எஞ்சினுக்குப் பின்னால், பழைய பெட்டி இருந்த இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைத்து, உடனே எடுத்தாள். சுட்டது. சுற்றிவந்து கிரில்லுக்குப் பின்னால் விரலை நுழைத்து, தான் மாட்டிய பெட்டியைத் தொட்டாள். ஆற்றுக் கூழாங்கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

பெட்டியோடு வந்த தாள் இரண்டு வருஷத்துக்கு மேலாக அவள் மேஜை டிராயரில் நான்காக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, பத்திரமாக இருந்தது. பிரித்துப் படித்ததில்லை. ஆனால் இப்போது தாள் தேவைப்படவில்லை. அந்தப் பெட்டி வெறும் சுவிட்ச் இல்லை. தான் இருக்கும் இடத்தின் சூட்டை வைத்துத்தான் எஞ்சின் சூடா குளிரா என்று அது தெரிந்துகொள்கிறது. அதனால்தான் எஞ்சினுக்குப் பக்கத்தில், அவளுடைய சிவப்புக் கட்டத்துக்குள், வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். அவள் அதைக் கொண்டுபோய்க் காற்றோட்டமான இடத்தில் சுகமாக உட்காரவைத்துவிட்டாள். அங்கிருந்து அதற்கு எப்போதும் விடியற்காலைதான். கொதிக்கும் எஞ்சினுக்கு நாளுக்கு முப்பத்தாறு முறை குளிர்காய ஏற்பாடு செய்துகொண்டிருந்தது, பாவம்.

நினைத்தது சரியா என்று பார்த்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஆயாவிடம் ஒரு பாட்டில் வெந்நீர் கேட்டு வாங்கினாள். சாவியின் சம்மதத்தோடு அழுக்கு மூட்டையிலிருந்து ஒரு கைத்துண்டை எடுத்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, ரிலே பெட்டியைச் சுற்றி வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒத்தடம் கொடுப்பவள் மாதிரி நின்ற அவளை ஆயா வேடிக்கை பார்த்தாள். சாவி ஜன்னல் வழியே தலையை நீட்டி, அதுக்குக் காய்ச்சலா என்று கேட்டார்.

"காய்ச்சல் இல்லாததுதான் கோளாறு" என்றாள். ஐந்து நிமிஷம் கழித்து, "இப்ப திருப்புங்க அண்ணா."

திருப்பினார். ஆரஞ்சு விளக்கு எரியவில்லை. பல்பு எரியவில்லை. எஞ்சின் தொட்டவுடன் ஓடத் தொடங்கியது.

மீதி இருபத்தெட்டு நிறுத்தங்களும் அவள் கேபினில்தான் இருந்தாள். துண்டு ஆறியதும் விளக்கு பழையபடி எரிந்தது. ஒவ்வொரு முறை எரியும்போதும் யாரோ அவள் தலையில் ஒரு குட்டு வைத்த மாதிரி இருந்தது. விஷயத்தைச் சாவியிடம் முழுதாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தினார். பச்சை விழுந்ததும் கியர் போட்டுக்கொண்டே, "அப்ப என் கை இல்ல" என்று மட்டும் சொன்னார். அவளிடம் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை, ஸ்டியரிங்கிடம் சொன்ன மாதிரி இருந்தது.

மாலையில் வீட்டில் கண்டக்டர் கணவர் பக்கெட் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு கதையைக் கேட்டார். அவருக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. பெட்டியைப் பழைய இடத்தில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. மூன்று குளிர்காலமாக முதலாளியிடம் குறையில்லை என்று சொல்லிவிட்டு, இப்போது குறையே நான்தான் என்று எதற்குப் போய் நிற்க வேண்டும்? நாளைக்கு எந்த வண்டிக்காரன் நம்பிக் கம்பியைத் தொட விடுவான்?

"சொல்லாம மாத்திடு. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் அதை யோசிக்காமல் இல்லை. மதியத்திலிருந்து அதைத்தான் யோசித்தாள். "சனிக்கிழமை ஆள் மாறுவாங்க. அதே நேரத்துல பிளக் போறதும் நின்னுடும். அப்ப எல்லாரும் என்ன சொல்வாங்க? சாவி இறங்கினாரு, கோளாறும் இறங்கிடுச்சுன்னுதானே?"

கண்டக்டர் பக்கெட்டுக்குள் கால்விரல்களை அசைத்தார். நான்குபேர் முன்னால் ஒருவரை நடுவழியில் இறக்கிவிடுவது எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். "அப்ப சொல்லிட்டே வா" என்றார். கொஞ்சம் கழித்து, "நிமிர்ந்து நின்னு சொல்லு. தலையைத் தொங்கப்போட்டா உனக்குத்தான் புடிக்காதே, எதுவும் தொங்கக் கூடாதே" என்றார். அவள் துண்டை அவர்மேல் எறிந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி கண்ணாடி அறையில் இல்லை. மடிக்கும் மேஜையருகே, ஒரு விரிப்பின் ஓரத்தில் இருந்த கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆவியும் மெஷின் இரைச்சலும். மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் மடித்துக்கொண்டிருந்தார்கள். தனியாக வரச் சொல்லலாமா என்று நினைத்தாள். சாவியைப் பற்றி இந்த நான்கு பேரும் பேசியிருப்பார்கள் என்று தோன்றியதும் அங்கேயே நின்றாள்.

"சார், பிளக் போனது என் வேலையால. சாவி அண்ணனால இல்ல. திங்கக்கிழமை நான் சொன்னது தப்பு."

முதலாளி விரிப்பைக் கீழே வைத்தார். அவள் பெட்டியை ஏன் நகர்த்தினாள், அது குளிரில் உட்கார்ந்து என்ன செய்தது, துண்டு ஒத்தடத்தில் என்ன தெரிந்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மடிப்பவர்களின் கைகள் மெதுவாயின. அவர் நம்பவில்லை. வெளியே வந்து, குனிந்து, அப்போதுதான் திரும்பிய லாரியில் முதலில் பெட்டியையும் பிறகு எஞ்சினுக்குப் பின்னால் இருந்த சுவரையும் தொட்டுப் பார்த்தார். விரலை உதறிக்கொண்டார். நகைக்கடை என்று தான் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், லேசாகத் தொண்டையைக் கனைத்தார்.

"சரி, பெட்டியை மாத்திடுங்க. ஆனா வேன் பையன்கிட்ட லாரின்னு சொல்லிட்டேன். அவன் நாளைக்கு எடுக்கட்டும். சாவியை அப்புறம் பார்த்துக்கலாம்."

அவள் எதிர்பார்த்தது கோபம். அதற்குத் தயாராக வந்திருந்தாள். இதற்குத் தயாராக வரவில்லை. தன் தொழிலில் முதல் நாளிலிருந்து தான் மீறாத ஒன்றைச் சொன்னாள்.

"சார், கோளாறு தேடறப்ப ஒரு நேரத்துல ஒன்னைத்தான் மாத்தணும். பெட்டியையும் ஆளையும் சேர்த்து மாத்தினா, எதனால சரியாச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெட்டியை மட்டும் மாத்தறேன். அவரே ஓட்டட்டும். எப்பவும்போல முப்பத்தாறு தடவை அணைக்கட்டும். குளிர்காலம் முடியறதுக்குள்ள ஒரு பிளக் போச்சுன்னாலும் உங்க இஷ்டப்படி செய்யுங்க. நானும் இந்த வண்டியைத் தொட மாட்டேன்."

முதலாளி உள்ளே திரும்பிப் பார்த்தார். கறைபட்ட விரிப்பு மேஜையில் கிடந்தது. சோப்பையும் சூட்டையும் ஒரே நேரத்தில் மாற்றி, கறை எதனால் போயிற்று என்று தெரியாமல் அவரும் ஒரு காலத்தில் திண்டாடியவர். "வேன் பையன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். படிவரை போய்விட்டுத் திரும்பி, "நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். ஆமாம் சார் என்றாள்.

உடனே கிரில்லுக்குப் பின்னால் இருந்த தன் அழகான வேலையை வெட்டி எடுத்தாள். கட்டுகளை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கையில் ஆலையின் தொட்டி ஞாபகத்துக்கு வந்தது. நீட்டிய கம்பிகளைக் குறைத்து, சூடு தாங்கும் உறை போட்டு, கொதிக்கும் சுவரில், பழைய ஆணித் துளைகளிலேயே பெட்டியை மாட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு, இந்தக் குளிர்காலத்தில் மாற்றாமல் விட்டிருந்த மற்ற இரண்டு பிளக்கையும் புதிதாகப் போட்டாள்.

அன்று மாலையே நோட்டைப் புரட்டி, வேறு எந்தெந்த வண்டிகளுக்கு இதே நல்ல காரியத்தைச் செய்தோம் என்று தேடினாள். இரண்டு இருந்தன. இரண்டும் காலையில் ஒருமுறை கிளம்பி மாலையில் நிற்கும் வண்டிகள், அதனால் யாரும் புகார் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுக்கும் போய், கேட்காத உரிமையாளர்களிடம் தன் தவறை விளக்கி, பெட்டிகளை இடம் மாற்றிவிட்டு வந்தாள். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர், நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு என்று சந்தேகமாகப் பார்த்தார்.

அதற்கு முன், பெட்டியை மாற்றிய மறுநாள், சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கொட்டகையில் செல்போன் அடித்தது. சாவி.

"தங்கச்சி, எட்டாவது ஸ்டாப்புல நிக்கறேன். லைட் எரியல."

"எரியாது அண்ணா. எரியக் கூடாது."

"தெரியும். எரியாம ஸ்டார்ட் பண்ண ஒரு மாதிரி இருக்கு. சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"சாவியைத் திருப்புங்க, போயிட்டே இருங்க."

அந்தப் பக்கம் எஞ்சின் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் கழித்து ஒன்பதாவது நிறுத்தத்திலிருந்து மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்தால் முப்பத்தாறு தடவை எடுக்க வேண்டியிருக்கும்.

குளிர்காலம் முடிந்து ஜன்னல்களைத் திறந்து வைக்கும் நாட்கள் வந்தன. முன்யோசனையாக வாங்கி வைத்த நான்கு ஹீட்டர் பிளக்குகள் அவளுடைய மேஜை டிராயரில், பெட்டி பிரிக்கப்படாமல், பெட்டியோடு வந்த அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தாளில் ரப்பர் பேண்ட் இல்லை. அதை அவள் இப்போது விரித்தே வைத்திருக்கிறாள்.